புரொபேஷன் மீறல் வழக்கு: ஆபீஸரிடம் எல்லாம் சொல்லலாமா, வாயைக் கட்டலாமா?

அட்லாண்டாவாசி
என் சித்தப்பா மகனுக்கு 26 வயது. ஜார்ஜியாவில் குடித்துவிட்டு கார் ஓட்டிய முதல் வழக்கு. 12 மாதம் புரொபேஷன் (சிறைக்குப் பதில், ஓர் ஆபீஸரின் மேற்பார்வையில் நிபந்தனைகளோடு வெளியே இருப்பது), 40 மணி நேரம் சமூக சேவை, அபராதம். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மார்ச்சில் வேலை போனதும் இரண்டு மாதம் அபராதத் தவணையும் மேற்பார்வைக் கட்டணமும் நின்றுவிட்டன. சேவையில் 22 மணி நேரம்தான் முடித்திருக்கிறான். போதாக்குறைக்கு, ஆபீஸரைப் பார்க்க வேண்டிய நாளில் வேலைக்கான நேர்காணல் என்று அனுமதி வாங்காமல் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் சார்லட் போய்விட்டான். இப்போது புரொபேஷனை ரத்து செய்யச் சொல்லி மனு வந்திருக்கிறது. விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கிறது. "நேரே போய் ஆபீஸரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேள்" என்கிறார் சித்தப்பா. நான் வேண்டாம் என்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?

கணக்குப்பிள்ளை
சித்தப்பா பேச்சை. உள்ளே போக வேண்டியவனை வெளியே விட்டுவைத்ததே கோர்ட் காட்டிய கருணை. பணம், சேவை, ஆஜர் மூன்றிலும் தவறிவிட்டு இப்போது வக்கீல், வாதம் என்று கிளம்பினால் நீதிபதிக்கு எரிச்சல்தான் வரும். வேலை போனது பாவம்தான். ஆனால் வேலை இல்லாதவனுக்கு சமூக சேவை செய்ய நேரமா இல்லை?

தேன்மொழி
அந்தக் கடைசிக் கேள்வியை எதிர்த்தரப்பில் வாதாடும் அரசுத் தரப்பு வக்கீல் கண்டிப்பாகக் கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும், சரி. அதற்காக ஆபீஸரிடம் போய் மனதைக் கொட்டச் சொல்லாதீர்கள். (நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீஸில் ஒன்பது வருஷமாக ஃபைல் பார்க்கிறவள்.) மினசோட்டாவில் மர்ஃபி என்பவர் தன் புரொபேஷன் ஆபீஸர் கேட்டார் என்று ஒரு பழைய கொலையை ஒப்புக்கொண்டார். பேசாமல் இருக்கும் உரிமையை ஆபீஸர் முதலில் சொல்லவில்லையே என்று வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிராகவே பயன்படுத்தலாம் என்று 1984-ல் தீர்ப்பு.

அப்புறம், இந்த விசாரணையில் ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவும் வேண்டாம். தராசு இம்மி சாய்ந்தால் போதும். அந்த இம்மியைத் தம்பியே ஏன் எடுத்து வைக்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை
கொலையையும் கட்டாத தவணையையும் ஒரே கூடையில் போடுகிறீர்களே! பணம் கட்டாதது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வராதது பதிவேட்டில் இருக்கிறது. இதில் ஒளிக்க என்ன மிச்சம்?

தேன்மொழி
நடந்ததை ஒளிக்கச் சொல்லவில்லை. ஏன் நடந்தது என்பதை யாரிடம், எப்போது, எந்தக் காகிதத்தோடு சொல்வது என்பதுதான் விஷயம். உங்கள் ஜார்ஜியா வழக்கையே பாருங்கள். டேனி பியர்டன், 1980-ல் திருட்டு வழக்கு, புரொபேஷன், 750 டாலர் கட்ட வேண்டும். பெற்றோரிடம் கடன் வாங்கி 200 கட்டினார். ஒரு மாதத்தில் வேலை போனது. எழுதப் படிக்கத் தெரியாது, வேறு வேலை தேடியும் அமையவில்லை. மீதி 550 டாலருக்காகப் புரொபேஷனை ரத்து செய்து சிறைக்கு அனுப்பினார்கள். 1983-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏன் கட்டவில்லை என்று கோர்ட் விசாரித்தே ஆக வேண்டும். உண்மையாகவே முயன்றும் முடியாதவர் என்றால் சிறைக்கு முன் வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
அதே பியர்டன், பணம் தாமதமாகும் என்று கெடுவுக்கு முன்பே ஆபீஸுக்குச் சொன்னவர். என் கட்சிக்கு நீங்களே சாட்சி கூட்டி வந்துவிட்டீர்கள்.

பாரிமுனை
சொன்னவரைத்தானே உள்ளே தள்ளினார்கள்? :) நம் இந்தியாவில் புரொபேஷனுக்கு உள்ள 1958 நன்னடத்தைச் சட்டத்தில் முதல் தடவை நிபந்தனை மீறினால் 50 ரூபாய்க்குள் அபராதம் போட்டு விட்டுவிடலாம்.

கணக்குப்பிள்ளை
விடலாம். உடனே மூல வழக்குக்குத் தண்டனையும் கொடுக்கலாம். அதே பிரிவில் அதற்கு முந்தைய வரி, வக்கீல் சார்.

சரி, பியர்டனுக்கே வருவோம். அந்தத் தீர்ப்பு பணத்துக்கு மட்டும்தான். 18 மணி நேர பாக்கிக்கும் சார்லட்டுக்கும் பியர்டன் எப்படிக் கைகொடுப்பார்?

தேன்மொழி
கொடுக்க மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டும்தான் பலவீனமான இடம். மூன்று வாரம் இருக்கிறதே, பாக்கி 18 மணி நேரத்தையும் இப்போதே முடித்து, சேவை செய்த இடத்தில் கடிதம் வாங்கட்டும். 'மீறினான், ஆனால் சரிசெய்துவிட்டான்' என்பதற்கு நீதிபதியிடம் மதிப்பு உண்டு, ஏனென்றால் மீறல் நிரூபணமானாலும் என்ன செய்வது என்பது பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. வேலையை விட்டு நிறுத்திய கடிதம், விண்ணப்பித்த இடங்களின் பட்டியல், நேர்காணலுக்கு அழைத்த மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். காசில்லை என்றால் தனக்காக வாதாட அரசுச் செலவில் ஒரு வக்கீல் கேட்கச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 1973 தீர்ப்புப்படி இந்த மாதிரி விசாரணைக்கு அது எல்லோருக்கும் தானாகக் கிடைக்காது, நிலைமையைப் பார்த்துத்தான் தருவார்கள். மீறலுக்குத் தக்க காரணம் இருக்கிறது என்று சொல்லிக் கேட்டால் வாய்ப்பு அதிகம். ஆமாம், சார்லட் போகும் முன் ஆபீஸருக்குத் தகவலே சொல்லவில்லையா?

அட்லாண்டாவாசி
இப்போதுதான் கேட்டேன். அன்று காலை 7 மணிக்கு "நேர்காணல் இருக்கிறது, நாளைக்கு வரட்டுமா" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். பதில் வரவில்லை. மறுநாள் போனால் ஆபீஸர் இல்லை.

பாரிமுனை
அண்ணே, இதை முதல் பதிவிலேயே போடக் கூடாதா!

கணக்குப்பிள்ளை
மெசேஜ் போட்டது அனுமதி வாங்கியதாகாது. ஆனால் ஓடி ஒளிந்தவன் இல்லை என்று காட்டும். இது நல்ல விஷயம், என் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். பணத்துக்கு மட்டும் ஒரு கேள்வி. அந்த இரண்டு மாதத்தில் வேறு எதற்காவது செலவு செய்தானா? வங்கிக் கணக்கைக் கேட்பார்கள்.

அட்லாண்டாவாசி
ஏப்ரலில் புது போன் வாங்கியிருக்கிறான். 900 டாலர். தவணைதான்.

கணக்குப்பிள்ளை
அந்தத் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறானா?

அட்லாண்டாவாசி
கட்டுகிறான்.

தேன்மொழி
இதை வக்கீலைப் பார்க்கும் முதல் நாளே, முதல் வார்த்தையாக அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் வேண்டாம்.