அவசரக் கருத்தடை மாத்திரை: 95 விழுக்காடு என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: பாம்பன் வாசகி (செவ்வாய், காலை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கணவர் வீட்டில்தான் இருக்கிறார். சென்ற சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இங்குத் திறந்திருந்த மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டபோது இருப்பில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பேருந்தில் இராமநாதபுரம் சென்று வாங்கி, பதினொரு மணியளவில் விழுங்கினேன். மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

இந்த மாத்திரை 95 விழுக்காடு பலன் தரும் என்கிறார் என் நாத்தனார். பக்கத்து வீட்டு அக்காவோ, போட்ட பிறகும் தமக்குக் குழந்தை தங்கிவிட்டது என்கிறார். இவற்றில் எதை நம்புவது? இனி இந்த மாதம் முழுவதும் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், மண்டபம்

தங்கைக்கு வணக்கம். இருவர் சொல்வதும் உண்மைதான். 95 விழுக்காடு என்னும் எண் 1998ஆம் ஆண்டு வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விலிருந்து வந்தது. 24 மணி நேரத்திற்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் (அவசரக் கருத்தடை மாத்திரையில் உள்ள மருந்து) மாத்திரையை உட்கொண்டவர்களிடம், உண்டாகியிருக்கக்கூடிய கருக்களில் 95 விழுக்காடு தடுக்கப்பட்டது என்பதே அந்த எண்ணின் பொருள். இரண்டாம் நாளில் உட்கொண்டவர்களிடம் அது 85 ஆகவும், மூன்றாம் நாளில் 58 ஆகவும் குறைந்தது. நீங்கள் உட்கொண்டது இரண்டாம் நாளில்.

85 என்று படித்தவுடன், மீதி 15 விழுக்காட்டுப் பெண்கள் கருத்தரிப்பார்கள் என்று அஞ்ச வேண்டாம். மாத்திரையே போடாவிட்டாலும், ஒருமுறை பாதுகாப்பின்றிச் சேர்ந்த நூறு பெண்களில் ஏறத்தாழ எட்டுப் பேர்தான் அந்த மாதம் கருத்தரிப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்த எட்டில் எத்தனை குறைந்தது என்பதையே விழுக்காடாகச் சொல்கிறார்கள். அந்த ஆய்வில் இந்த மாத்திரையை உட்கொண்டவர்களில், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் கரு தங்கியது. ஆனால் கருமுட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டிச் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து இந்தச் சராசரியைவிடக் கூடுதல் என்பதையும் மறைக்கக் கூடாது. மாதவிடாய் முடிந்து ஒரு வாரம் என்கிறீர்கள். அது ஏறக்குறைய அந்த நாட்கள்தான்.

மாத்திரை செய்யும் வேலை ஒன்றே: கருமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகிறது. விந்தணு ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்கும். அது செயலிழக்கும்வரை முட்டை வராமல் பார்த்துக்கொண்டால் கரு உண்டாகாது. முட்டை ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டால் மாத்திரையால் பயனில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் நேர்ந்திருக்கக்கூடும். தங்கிவிட்ட கருவை அது கலைக்காது, அந்தக் கருவுக்குத் தீங்கும் செய்யாது.

இதனால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு அழுத்தமாகவே ‘கூடாது’ என்று எழுதுகிறேன். தள்ளிப்போன முட்டை அடுத்த சில நாட்களில் வெளிப்படலாம் என்பதால், மாத்திரைக்குப் பிந்தைய நாட்களில்தான் ஆணுறை கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, இன்றே கவனிக்க வேண்டியது. சேர்ந்ததிலிருந்து ஐந்து நாட்களுக்குள், கருப்பைக்குள் வைக்கும் சிறு செம்புச் சாதனமான காப்பர்-டியைப் பொருத்திக்கொண்டால், கருத்தடையின் பலன் 99 விழுக்காட்டுக்கும் மேல். அவசரக் கருத்தடை முறைகளில் அதைவிட உறுதியானது வேறில்லை. மாத்திரை போட்ட பிறகும் பொருத்தலாம். உங்களுக்கு வியாழக்கிழமை இரவு வரை நேரம் இருக்கிறது.

பதில் 2: மருந்தாளுநர், கீழக்கரை

அக்காவின் விளக்கத்தோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். மாத்திரை விழுங்கிய இரண்டு மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்திருந்தால் அது உடலில் சேர்ந்திருக்காது. மீண்டும் ஒன்று உட்கொள்ள வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவற்றை உட்கொள்பவர்களிடம் இதன் பலன் குறையும். உடல் பருமன் அதிகமுள்ளவர்களிடமும் குறைவதாகத் தெரிகிறது. இவர்களுக்கெல்லாம் காப்பர்-டிதான் சிறந்த வழி.

கடையில் இருப்பில் இல்லை என்று சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டிலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதிக்கப்பட்ட மாத்திரை இது. இருந்தும் தமிழ்நாட்டில் பல கடைகள் வாங்கி வைப்பதில்லை. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமான ஒரு மருந்துக்காகத் தீவிலிருந்து ஒரு பெண் இராமநாதபுரம்வரை போக நேர்வது சரியல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடும்ப நலத் திட்டத்தின்கீழ் இலவசமாகவே தருவார்கள்; அங்கும் கேட்டுப் பாருங்கள்.

பாம்பன் வாசகி (செவ்வாய், மாலை)

இருவருக்கும் மிக்க நன்றி. வாந்தி வரவில்லை, வேறு மருந்து எதுவும் உட்கொள்வதில்லை. காப்பர்-டி பொருத்தினால் அது மேலேறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று மாமியார் பயப்படுகிறார். எனக்கும் தயக்கமாக இருக்கிறது. ஒருவேளை பொருத்தாமல் விட்டால், எப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்?

பதில் 3: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், மண்டபம்

அத்தையிடம் சொல்லுங்கள்: கருப்பையிலிருந்து நெஞ்சுக்குச் செல்ல வழியே இல்லை. மிக அரிதாகக் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் செல்வதுண்டு. பயிற்சி பெற்றவர் பொருத்தினால் அந்த ஆபத்து மிகவும் குறைவு. முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்று வலியும் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. காப்பர்-டியில் 380ஏ என்னும் வகை பத்து ஆண்டுகள்வரை பயன்படும்; வேண்டாம் என்று தோன்றும் நாளில் எடுத்துவிடலாம். இரண்டு பிள்ளைகள் போதும் என்றிருந்தால், ஜூன் 14ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்து கணவர் கடலுக்குப் போன பிறகும் உங்களுக்கு உதவுவது இதுதான். ஆனாலும் முடிவு உங்களுடையது.

பொருத்தாவிட்டால், சனிக்கிழமையிலிருந்து மூன்று வாரம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் கரு இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். இடையில் சிறிது இரத்தம் படுவதும், மாதவிடாய் சில நாட்கள் முன்பின்னாக வருவதும் இந்த மாத்திரையால் நிகழ்பவையே. ஒரு வாரத்திற்கு மேல் தள்ளிப்போனால் சோதிக்கத் தவறாதீர்கள். நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்தாலோ மயக்கம் வந்தாலோ, கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம்; அப்போது தாமதிக்காமல் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காப்பர்-டி பற்றி முடிவெடுத்துவிட்டால் நாளைக் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கு வசதி இல்லை என்றால் வேறிடம் செல்ல வியாழன் பகல் மிச்சமிருக்கும்.