கீனாய் காட்டில் கரடிக்கு எந்தத் துப்பாக்கி? லேசான 44 மேக்னம் ஐந்தாவது தோட்டாவில் இறுகிக்கொள்கிறது

கேள்வி: நடைவழி
வணக்கம். அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் செப்டம்பர் தொடக்கத்தில் மூன்று பேர் ஆறு நாள் நடக்கிறோம். பழுப்புக் கரடி, கருங்கரடி இரண்டும் உள்ள இடம். கையில் இருப்பது முக்கால் கிலோகூட இல்லாத 44 மேக்னம் ரிவால்வர். 305 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஹார்ட் காஸ்ட், அதாவது கெட்டி ஈயக் குண்டுத் தோட்டா போட்டால் நான்கு நன்றாகப் போகிறது, ஐந்தாவதற்குத் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழல மறுக்கிறது. 240 கிரெய்னில் இந்தத் தொல்லை இல்லை. இதைச் சரிசெய்யலாமா, 10 எம்.எம். பிஸ்டலுக்கோ 12 கேஜ் பம்ப் ஷாட்கன்னுக்கோ (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) மாறலாமா?

பதில்: பட்டறை
துப்பாக்கி பழுதில்லை நண்பரே, உங்கள் தோட்டாவின் குண்டுதான் முன்னால் நழுவுகிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் பித்தளை உறையும் அதோடு பின்னால் இழுபடுகிறது. உறையின் வாயில் பிடிபட்டிருக்கும் கனத்த குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஒவ்வொரு உதைக்கும் மயிரிழை மயிரிழையாக வெளியே வந்து, கடைசியில் மூக்கு சிலிண்டரின் முன்முகத்தைத் தாண்டித் துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் முட்டிக்கொள்ளும். துப்பாக்கி லேசாகவும் குண்டு கனமாகவும் இருந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

உறுதிசெய்ய: ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தைக் காலிப்பரில் அளந்து, அடிப்பக்கத்தில் பேனாவால் குறியிடுங்கள். மற்றவற்றில் நான்கைச் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தயாரிப்பு இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. நழுவிய குண்டை அழுத்திவிட்டுத் திரும்பச் சுடக் கூடாது, ஒதுக்கிவிடுங்கள்.

நீளம் மாறவில்லை என்றால் வேறு இரண்டு இடம் பாருங்கள். காலி உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியின் திருகு தளர்ந்து நீண்டிருக்கலாம். எஜெக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் சிக்கியிருக்கலாம், பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும்.

பதில்: மேல்காடு
பட்டறை அண்ணன் சொன்னது சரி. தீர்வு இரண்டுதான்: குண்டு நழுவாதபடி உறையின் வாயை இறுக்கமாக மடித்த 240 கிரெய்னுக்கு இறங்குவது, அல்லது 1.1 முதல் 1.2 கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வருக்கு மாறுவது. இறங்கினால் ஹாலோ பாயின்ட் வேண்டாம். கரடிக்கு விரியும் குண்டைவிட ஆழமாகத் துளைக்கும் கெட்டிக் குண்டுதான் தேவை. கொழுப்பு, தசை, தோள் எலும்பு எல்லாம் தாண்டிப் போயாக வேண்டும்.

10 எம்.எம். சுடச் சுலபம், கிளாக் 20 என்ற பிஸ்டலில் 15 தோட்டா பிடிக்கும். ஆனால் அதன் பலகோணக் குழலில் பூச்சில்லாத ஈயக் குண்டு ஈயத்தை ஒட்டவிட்டு அழுத்தத்தை ஏற்றும். பூச்சுள்ள 200, 220 கிரெய்ன் கெட்டிக் குண்டு வாங்குங்கள், அல்லது சாதாரணப் பள்ளம் வெட்டிய மாற்றுக் குழல் போடுங்கள். இன்னொன்று: கரடி மேலே விழுந்து குழல்முனை அதன் உடம்பில் அழுந்தினால் பிஸ்டலின் மேல்பக்கம் நகரும் ஸ்லைடு சற்றுப் பின்னால் போய்விடும், விசை இழுத்தாலும் சுடாது. அந்த நிலையில் ரிவால்வர் சுடும்.

பதில்: ஸ்லக்
நீண்ட துப்பாக்கி தூக்க மனமிருந்தால் அதுதான் பலம். அமெரிக்க வனத்துறை 1983-இல் வெளியிட்ட அறிக்கைக்காக 15 கெஜ தூரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். 220 கிரெய்ன் குண்டு போட்ட 30-06 ரைஃபிளே நன்றாகத் தேறியது. 12 கேஜ் எடுத்தால் மென்மையான ஃபாஸ்டர் ஸ்லக் (ஷாட்கன்னில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு) வேண்டாம், எலும்பில் பட்டுத் தட்டையாகிவிடும். பிரென்னெக்கே போன்ற கெட்டி ஸ்லக் போடுங்கள். பக்‌ஷாட் (சிறு குண்டுகளின் கொத்து) கரடிக்கு இல்லவே இல்லை. பம்ப் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் கைதான் காரணம்: பதற்றத்தில் முழுக்கப் பின்னால் இழுக்காமல் பாதியிலேயே முன்தள்ளினால் காலி உறை வெளியேறாது. டம்மி தோட்டா போட்டு, பின்னால் இடிக்கும் சத்தம் கேட்கும்படி இழுத்துப் பழகுங்கள்.

பதில்: காற்றுப்பக்கம்
கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயை யாரும் சொல்லவில்லையே! மூன்று பேரில் துப்பாக்கி ஒருவரிடம்தான், ஸ்ப்ரே மூவரிடமும் இருக்கலாம். அலாஸ்கா நிகழ்வுகளைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில் 92 சதவீதப் பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை ஸ்ப்ரே நிறுத்தியது. 2012-இல் வந்த துப்பாக்கி ஆய்வில் கைத்துப்பாக்கிக்கு 84, நீண்ட துப்பாக்கிக்கு 76 சதவீதம். இரண்டிலும் சேர்ந்த நிகழ்வுகள் ஒரே மாதிரியானவை அல்ல, ஆகவே எண்களை நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள். ஆனாலும் ஸ்ப்ரேக்குக் குறி பார்க்கும் திறமை அவ்வளவு வேண்டாம்.

225 கிராமுக்குக் குறையாத டப்பா, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். ஏறத்தாழ பத்து மீட்டரில் கரடி இருக்கும்போது, சற்றுக் கீழ்நோக்கி அடித்தால் மேகம் எழும்பி முகத்தில் படும். கூடாரத்தின் மேல் கொசு மருந்துபோல் அடித்து வைக்காதீர்கள், காய்ந்த வாசம் கரடியை இழுக்கும்.

கேள்வி: நடைவழி
அளந்தேன் அண்ணா, குண்டு நழுவித்தான் இருந்தது. 240 கெட்டிக் குண்டோடு இதையே கொண்டுபோகிறேன், மூவருக்கும் ஸ்ப்ரே. இடுப்பில் மாட்டும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை)தான் இருக்கிறது, போதுமா? சுட நேர்ந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: மேல்காடு
புது 240 தோட்டாவையும் அதே நீளம் அளக்கும் சோதனையில் ஒருமுறை தேற்றிவிடுங்கள். இடுப்பு வேண்டாம் தம்பி. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மார்பு ஹோல்ஸ்டர் வாங்கி, பையை மாட்டி, மழைச்சட்டை போட்டு எடுத்துப் பாருங்கள். கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 30 மீட்டர் கடக்க இரண்டே வினாடி. நேராக வந்தால் நெற்றி வேண்டாம், அங்கே மண்டையோடு சரிவானது. தாடைக்குக் கீழே மார்பின் நடுவைப் பாருங்கள்.

சட்டப்படி உயிர் காக்கச் சுடலாம். ஆனால் நீங்கள் சீண்டியோ, உணவையோ குப்பையையோ சரியாக வைக்காமலோ கரடி வந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் எடுத்து மாநில மீன், வனவிலங்குத் துறையிடம் ஒப்படைத்து, 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். மூவரில் யாராவது வேலை அல்லது சுற்றுலா விசாவில் இருந்தால், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். அவர்களுக்கு ஸ்ப்ரே மட்டும் கொடுங்கள்.

பதில்: காற்றுப்பக்கம்
பயணிகள் விமானத்தில் ஸ்ப்ரே கைப்பையிலும் போகாது, சரக்குப் பெட்டியிலும் போகாது. அங்கே இறங்கிய பிறகே வாங்குங்கள். மிதவை விமானத்தில் ஏறுவதாக இருந்தால் டப்பா இருப்பதை விமானியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமாக அதை வெளியே மிதவைக்குள் உள்ள அறையில் போடுவார்கள். இறங்கியதும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.