இனிப்புநீர் விளக்கம்: தோட்டத்தில் வளர்ந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் படிக்கும் ஆறு மாணவர்கள். அடுத்த மாதம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இனிப்புநீர், அதாவது நீரிழிவு நோய், பற்றிப் பேசப் போகிறோம். 2019 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது.

போன முறை படம் போட்டு இன்சுலினை விளக்கினோம். பாட்டிமார் கொட்டாவி விட்டார்கள். தப்பு எங்களுடையதுதான். ஒருவர் மட்டும், “டின் பால் தேநீரை அடியோடு விடவேண்டுமா, தம்பி?” என்று கேட்டார். திணறிவிட்டேன்.

செம்பனை வெட்ட விடியலிலேயே கிளம்புகிறவர்கள் பசியாறுவது எத்தனை மணிக்கு? மாத்திரையை எப்போது போடுகிறார்கள்? இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இரண்டு இருக்கிறது. சோதனைப் பட்டைகள்தாம் போதவில்லை. வாங்கித் தர முடிந்தவர்களும் இங்கேயே சொல்லுங்கள்.