இளங்கன்று வாங்கி வளர்க்க நினைக்கிறேன், எங்கே தொடங்குவது?

குப்பனூரான்
வணக்கம். ஏற்காடு அடிவாரத்தில், குப்பனூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் உண்டு, கொஞ்சம் கோ-4 தீவனப் புல்லும் போட்டிருக்கிறேன். இங்கே கறவை மாடு வைத்திருப்பவர்கள் காளைக்கன்று பிறந்தால் பால் செலவுக்குப் பயந்து சீக்கிரமே தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அப்படி நாலு கன்று வாங்கி, ஒன்றரை வருடம் வளர்த்து இறைச்சிக்கு விற்றால் கட்டுப்படியாகுமா? ஆடு வளர்த்த பழக்கம் உண்டு, மாடு இதுதான் முதல் தடவை. சந்தையில் வாங்குவதா, வீடுகளில் வாங்குவதா?

வாழப்பாடி விவசாயி
தம்பி, முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1958-ம் வருடத்துத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தில் கன்று, காளை, எருமை எல்லாமே வருகிறது. பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்றிதழ் இருந்தால்தான் அறுக்கலாம். ஒன்றரை வயதுக் காளையை இறைச்சிக்கு என்று வளர்த்தால் விற்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதே கொட்டகை, அதே புல்லில் கிடேரிக் கன்று, அதாவது பெண் கன்று வளர்த்து சினையாக்கி விற்கலாம். கலப்பினக் கிடேரி 250 கிலோ வாக்கில் வந்ததும் சினை ஊசி போடலாம்.

கன்றுத்தாய்
தம்பி, கிடேரியோ காளையோ, முதல் மூன்று மாதம்தான் எல்லாமே. நான் ஆரம்பத்தில் ஒரு சந்தையில் இரண்டு கன்று வாங்கினேன். தாய் எது, சீம்பால் குடித்ததா என்று எதுவும் தெரியாது, விலை குறைவு என்று பிடித்துவந்துவிட்டேன். நாலாவது நாள் கழிச்சல். ஒன்று போய்விட்டது, இப்போது நினைத்தாலும் மனது ஆறவில்லை. அதனால் வீட்டில் வாங்குங்கள், தாயைப் பாருங்கள், பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தார்களா என்று கேளுங்கள். அது குடலில் சேருவது முதல் நாளோடு முடிந்துவிடும், அப்புறம் எவ்வளவு கொடுத்தாலும் எதிர்ப்புச் சக்தி வராது. வாலைத் தூக்கிப் பாருங்கள், சாணி ஒட்டியிருந்தால் வேண்டாம். தொப்புளைத் தொட்டுப் பாருங்கள், வீங்கிச் சூடாக இருந்தாலும் வேண்டாம்.

பால் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு, 30 கிலோ கன்றுக்கு மூன்று லிட்டர், காலை மாலை பிரித்து வெதுவெதுப்பாக. இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி கன்றுத் தீவனமும், காய்ந்த இளம்புல்லும், எப்போதும் நல்ல தண்ணீரும் வையுங்கள். குடற்புழு மருந்தின் அளவை மருத்துவர் சொல்லட்டும். கோமாரி ஊசி நாலாவது மாதம் போட்டு, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. கழிச்சல் வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மேல்மலை
அடிவாரத்திலும் மார்கழிப் பனி இறங்கும். ஈரத் தரையில் படுத்தால் சளி பிடிக்கும், வைக்கோல் தடிமனாகப் போட்டு தினமும் மாற்றுங்கள். இன்னொன்று, நம்ம ஊரில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி, அதாவது மரவள்ளிக்கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை, சுலபமாகக் கிடைக்கிறது என்று கன்றுக்குக் கொட்டாதீர்கள். அதில் பெரும்பாலும் மாவுச்சத்துதான், புரதம் ரொம்பக் குறைவு, வளரும் கன்றுக்குப் புண்ணாக்கு கட்டாயம் வேண்டும்.

குப்பனூரான்
ரொம்ப நன்றி. சட்ட விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. காளை யோசனையை விட்டுவிட்டேன், இரண்டு கிடேரியோடு தொடங்குகிறேன். தராசு இல்லாமல் எடை பார்க்க வழி இருக்கிறதா அக்கா?

கன்றுத்தாய்
இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, அப்புறம் தோள் முனையிலிருந்து வால் பக்கத்து எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 36, நீளம் 34 என்றால் 67 கிலோ பக்கம் வரும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள், இரண்டு தடவை எடை ஏறாமல் நின்றால் சாணியைக் கொண்டுபோய்ப் புழு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.