அப்பப்பாவின் பட்டறையில் இருந்த படம்: குதிரைக்காலோடு நிற்கும் ஆயர் யார்?

மட்டிக்களிப் பேத்தி:
அப்பப்பாவின் நகைப்பட்டறையை ஒதுக்கும்போது ஒரு பழைய அச்சுப்படம் கிடைத்தது. ஆயர் (பிஷப்) தொப்பி போட்ட ஒருவர், கையில் சுத்தியல். பட்டடையில் வெட்டி எடுத்த குதிரைக்கால் ஒன்று! கீழே பிரெஞ்சில் ஏதோ எழுத்து. புகை பிடித்துப்போய் 'எலுவா' என்பது மட்டும்தான் தெரிகிறது. டிசம்பர் 1ஆம் தேதி அப்பப்பா இதற்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு மத்தியானத்தோடு பட்டறையைப் பூட்டிவிடுவாராம். கோயிலில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். யார் இவர்? தங்க வேலைக்கும் குதிரைக்காலுக்கும் என்ன சம்பந்தம்?

புத்தகப்புழு_திருமலை:
தங்கச்சி, இவர் புனித எலிஜியுஸ். பிரெஞ்சுக்காரருக்கு எலுவா. டிசம்பர் 1 அவருடைய திருநாள். 660இல் அன்றுதான் இறந்தார். தட்டார், கொல்லர், குதிரை வளர்ப்போர் எல்லாருக்கும் பாதுகாவலர். படம் இங்கே வந்தது பெரிய அதிசயமில்லை. திருகோணமலையின் முதல் ஆயர் சார்ல்ஸ் லவீனே பிரெஞ்சு இயேசு சபைக்காரர்தான். அந்தக் காலத்துச் சுவாமிமார் யாராவது கொடுத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆள் உண்மையிலேயே தட்டார். 588 அளவில் லிமோஜ் நகருக்குப் பக்கத்தில் பிறந்து, அங்கே நாணயச்சாலை நடத்திய அப்போ என்பவரிடம் தொழில் பழகினார். பிறகு, இன்றைய பிரான்சை அப்போது ஆண்ட பிராங்க் இனத்து அரசன் இரண்டாம் குளோத்தாரின் அரண்மனை வேலை. அவனுடைய மகன் தகோபேர் அரசனானபோது அவனுக்கு வலக்கை மாதிரி இருந்தார். எலிஜியுஸ் என்று பெயர் பொறித்த தங்கக் காசுகள் இன்றைக்கும் இருக்கின்றன. பூசை வைக்கிற குருவாகக்கூட இல்லாதவரை 641இல் வட பிரான்சிலுள்ள நொயோன் நகருக்கு ஆயராக்கினார்கள்.

குதிரைக்கால் கதை இதுதான்: அடங்காத குதிரையொன்றின் காலைக் கழற்றி, ஆறுதலாக லாடம் அடித்து, திரும்பப் பொருத்தினாராம். அவருடைய நண்பரான ரூவான் ஆயர் ஔதோவேன் எழுதிய சரித்திரத்தில் இது கிடையாது. பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்தது. படம் வரைகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு, அவ்வளவுதான். எனக்கென்றால் அந்தச் சரித்திரத்தில் உள்ள சங்கதிகள்தான் பெரிசு. முக்கியமாக இரண்டு ஆசனக் கதை. குளோத்தார் ஓர் ஆசனம் செய்யச் சொல்லித் தங்கம் நிறுத்துக் கொடுத்தான். எலிஜியுஸ் முதலில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினார். அரசன் மெச்சி முடிந்ததும், மிச்சத் தங்கத்தில் செய்தேன் என்று இரண்டாவதையும் கொண்டுவந்து வைத்தார். மற்றவர்களைப்போல 'அரம் கடித்துவிட்டது, நெருப்புத் தின்றுவிட்டது' என்று சாட்டுச் சொல்லவில்லை என்று ஔதோவேன் எழுதுகிறார்.

பட்டறைக்காரன்:
நான் சைவக்காரன், ஆனாலும் இந்தக் கதைக்கு ஒரு கும்பிடு. அரம் கடித்தது, நெருப்புத் தின்றது என்றால் சேதாரக் கணக்குத்தானே! 1400 வருசத்துக்கு முன்னமே இதே கதைதான் கதைத்திருக்கிறார்கள். எங்களுடைய வேலையில் அரப்பொடி மடியில் கட்டிய தோலில் விழும், தங்கம் உருக்குகிற மூசையில் கொஞ்சம் ஒட்டும், பட்டறை மண்ணைக்கூடக் கூட்டி அள்ளி வைத்துக் கழுவ விற்போம். நேர்மையாகச் செய்தாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஒன்றுக்குக் கொடுத்ததில் இரண்டு வந்தது என்றால் அரசன் தாராளமாகத்தான் நிறுத்திருக்கிறான். தம்பி, அந்தாள் உழைத்ததை என்ன செய்தார்? ஆயரென்றால் வசதியாக இருந்திருப்பாரே?

புத்தகப்புழு_திருமலை:
ஆயராக முன்னம்தான் ஐயா வசதி. தொடக்கத்தில் பட்டும், கல் பதித்த இடுப்புப்பட்டியுமாகத்தான் திரிந்தார். பிறகு அதையெல்லாம் கொடுத்துவிட்டு அரண்மனையிலேயே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார். காசு போனது அடிமைகளை மீட்க. எங்கே சந்தையில் ஆட்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் ஓடுவாராம். இருபது, முப்பது, ஐம்பது பேரை ஒரேயடியாக வாங்கி விடுவிப்பார். கப்பலில் வந்து இறங்கிய நூறு பேர் வரைக்கும்கூட. கைக்காசு முடிந்தால் உடுப்பையும் விற்பார். விடுதலையானவர்களுக்கு மூன்று வழி: ஊருக்குப் போகலாம், அவரோடு இருக்கலாம், மடத்தில் சேரலாம். 632இல் லிமோஜுக்குப் பக்கத்தில் சொலிஞாக்கில் அவர் கட்டிய மடத்துக்கு அப்படியும் ஆள் சேர்ந்தது. தில்லோ என்ற சாக்சன் அடிமை அவரிடமே தங்கத் தொழில் பழகிப் பிற்பாடு புனிதரானார்.

மட்டிக்களிப் பேத்தி:
இரண்டு பேருக்கும் நன்றி. அவர் கையால் செய்த நகை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா அண்ணா?

புத்தகப்புழு_திருமலை:
அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட பொற்கிண்ணமொன்று பாரிசுக்குப் பக்கத்தில் ஷெல் மடத்தில் இருந்தது, அது பிரெஞ்சுப் புரட்சியில் போய்விட்டது. சென் தெனி கோயில் பீடத்துக்கு அவர் செய்ததாகச் சொல்லப்படும் பெரிய சிலுவையின் சின்னத் துண்டொன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. தங்கத் தகட்டில் கட்டம் கட்டமாக அடைப்பு வைத்து உள்ளே நிறக்கல், கண்ணாடி பதிக்கிற வேலை. பட்டறைக்கார ஐயாவுக்குப் பிடித்த சங்கதி ஒன்று: பிராங்குக்காரருடைய பழைய நகைகளில் உள்ள சிவப்புக் கானெட் கற்களை ஆராய்ந்தபோது, அவற்றில் நிறைய இந்தியாவிலும் நம் இலங்கையிலும் தோண்டியவை என்று தெரியவந்தது. எலிஜியுஸ் தலையெடுத்த காலத்தில் அந்த வரவு நின்றுபோய், ஐரோப்பாவிலேயே தோண்டிய சின்னக் கற்களை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

பட்டறைக்காரன்:
அப்போதே நம்முடைய கல்லா! சின்னக் கல்லைக் கட்டத்துக்குள் இறுக்குவதுதான் தம்பி பெரிய வேலை. அந்தத் துண்டின் படம் இருந்தால் கிட்டத்தில் எடுத்ததாகப் பார்த்துப் போடுங்கோ, அடைப்பின் விளிம்பை எப்படி மடித்திருக்கிறார் என்று பார்க்கவேண்டும்.