இன்கிளைன்ட்னா சரிவா சம்மதமா? லீவு விஷயம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

தோட்டத்து_கிராணி:
வணக்கம் எல்லாருக்கும். நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா, அதான் கிளார்க்கா, இருக்கேன். தைப்பூசத்துக்கு பினாங்கு போகணும்னு லீவு கேட்டு மேனேஜருக்கு ஈமெயில் போட்டேன், அவரு "ஐ ஆம் இன்கிளைன்ட் டு அப்ரூவ்"னு ஒரே வரியில பதில் போட்டாரு, நானும் அப்ரூவ்னு ஒரு வார்த்தை வந்துருச்சே அது போதும்னு குடும்பத்துக்கே பஸ் டிக்கெட் வாங்கிட்டேன். நேத்து ராத்திரி மக கிட்ட காட்டுனா, "இன்கிளைன்ட் பிளேன்னா சாய்தளம்பா, சரிவா இருக்குறது"ங்குறா. அப்ப மேனேஜர் சரிவா இருக்காரா? லீவு கிடைச்சிருச்சா இல்லையா?

டியூஷன்_அக்கா:
தம்பி, லீவு இன்னும் கிடைக்கல. கிடைக்கிற பக்கமா சாஞ்சிருக்கு, அவ்ளோதான். லத்தீன்ல சாய்க்கிறதுக்கு உள்ள சொல்லுலேர்ந்து வந்தது இது, அதனாலதான் சரிவுக்கும் அதே சொல்லு, மனசு ஒரு பக்கமா போறதுக்கும் அதே சொல்லு. ரிக்லைன், டிக்லைன் எல்லாம் இதோட கூடப் பொறந்ததுங்க. டிக்லைன்னு, அதான் முடியாதுன்னு, வந்திருந்தா டிக்கெட்ட அன்னைக்கே வித்திருக்கலாம் 😄 "ஐ ஆம் இன்கிளைன்ட் டு அக்ரீ"ன்னு ஒருத்தர் சொன்னா, "எனக்கென்னமோ அப்படித்தான் படுது"ன்னு அர்த்தம், முடிவா சொல்லலன்னு மரியாதையா ஒரு கதவ தொறந்து வச்சிக்கிறது. மலாய்லயும் பாருங்க, ச்சொண்டோங்னா சாஞ்சது, ச்செண்டெருங்னா மனசு ஒரு பக்கமா போறது. தெலுக் இந்தான் கோபுரம்கூட மெனாரா ச்சொண்டோங்தான், 1885ல கட்டுனது, இன்னும் சாஞ்சுகிட்டுதான் நிக்குது, விழல. உங்க லீவும் இப்ப அந்த நெலமையிலதான் இருக்கு.

சும்மா_மணி:
ஏன் இவ்ளோ பெருசா எழுதணும், தமிழ்ல நாட்டம்னு போட்டா முடிஞ்சிச்சு. சாயங்காலம்னு சொல்றதே பொழுது சாயறதாலதானே.

டியூஷன்_அக்கா:
மணி, சாயங்காலம் சாயம்ங்குற வடமொழிச் சொல்லுலேர்ந்து வந்தது, நம்ம சாயறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நாட்டமும் எல்லா எடத்துலயும் ஒட்டாது. "திஸ் டோர் இஸ் இன்கிளைன்ட் டு ஸ்டிக்"னா கதவுக்கு என்ன நாட்டம்? அடிக்கடி சிக்கிக்கும்னுதான் சொல்லணும். படிப்புல நாட்டம், பாட்டுல நாட்டம், அங்கதான் அந்த வார்த்த பொருந்தும். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்துல தராசு மாதிரி ஒரு பக்கம் கோடாம இருக்கணும்ங்குறாரே, அந்தக் கோடுறதும் வளையறதுதான். வளைவையும் மனச்சாய்வையும் ஒரே சொல்லுல சொல்றது நமக்கு ஒன்னும் புதுசில்ல.

பால்வெட்டு_பேரன்:
அக்கா சொன்னது சரிதான், ஆனா எனக்கு இன்கிளினேஷன்னு கேட்டாலே தாத்தா வெட்டுன பால்மரம், அதான் ரப்பர் மரம்தான் கண்ணு முன்னுக்கு வருது. ஒட்டுமரத்துல வெட்டு ஏறக்கொறைய 30 டிகிரி சரிவு, எடது பக்கம் மேல வலது பக்கம் கீழ. ஏன்னா பட்டைக்குள்ள பால்குழாய் நேரா ஓடாதாம், எதிர்ப்பக்கமா லேசா சாஞ்சு ஓடுமாம், இப்படி வெட்டுனாத்தான் நெறைய குழாய் அறுபடும், பாலும் தானா மங்குக்கு, அதான் பால் புடிக்கிற கிண்ணத்துக்கு, வழிஞ்சு வரும். தாத்தாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, சரிவு தப்புனா மட்டும் வேலைய மேற்பார்க்குற மண்டோர் திட்டுவாரு. இன்னொன்னு, வாயால சொல்றப்ப மேட்டுப்பாதைக்கு முன்னால அழுத்தணும், இன்க்ளைன். மனசு சாயறதுக்குப் பின்னால அழுத்தணும், இன்க்ளைன்ன்ன். எழுதிக் காட்டுனா ரெண்டும் ஒன்னுதான், அதான் ஈமெயில்ல எல்லாரும் மாட்டிக்கிறோம்.

சும்மா_மணி:
சரி சரி, சாயங்காலத்த வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா கிராணி அண்ணே, டிக்கெட்ட மாத்த முடியுமான்னு மொதல்ல கேட்டு வச்சிக்குங்க.

தோட்டத்து_கிராணி:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு காலையில மேனேஜர நேராப் பாத்து கேட்டேன். "லீவு பாரம் (ஃபார்ம்) எங்க, சைன் போடணுமே"ன்னாரு. பாரத்த நான் நெரப்பி குடுக்கவே இல்ல, என் மேஜ டிராயர்லயே கெடந்திருக்கு. இப்ப சைன் ஆயிருச்சு. மக மூஞ்ச பாக்கத்தான் வெக்கமா இருக்கு.