பி.பி.எட். இங்கே, மாஸ்டர்ஸ் அங்கே: விளையாட்டு, பொழுதுபோக்குப் படிப்பை இரண்டு நாட்டில் படிப்பவர்களுக்கு (பேசுபவர்கள் அவரவர் ஊர்ப்பெயரில்)

பாளையங்கோட்டை:

கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால், திரும்பி வந்து எந்த வேலை என்பதை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். இந்தியா, இங்கிலாந்து இரண்டு நாட்டிலும் படிப்பின் பெயர் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது வேறு.

இங்கே உடற்கல்வி என்றால் ஆசிரியர் பயிற்சி. என்சிடிஇ-யின் (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதிப்படி பி.பி.எட். (உடற்கல்வி ஆசிரியருக்கான பட்டப்படிப்பு) இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். டீச்சிங் பிராக்டிஸ், ஜெனரல் லெசன் பிளான், பர்டிகுலர் லெசன் பிளான், நடுவர் பணி என்று மைதானத்திலேயே நாள் போய்விடும். 400 மீட்டர் டிராக்குக்கு ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39 மீட்டர். 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாம் லேனுக்கு 7.04 மீட்டர் ஸ்டாகர் (தொடக்கக் கோட்டை முன்தள்ளிப் போடும் தூரம்), அடுத்தடுத்த லேனுக்கு 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும். முதல் லேனை மட்டும் உள்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறோம், மற்றவற்றை 20 செ.மீ. தள்ளி. அந்த வித்தியாசம்தான் 7.04-க்குக் காரணம். டேப்பைப் பிடித்துச் சுண்ணாம்புக்கோடு போடத் தெரியாமல் இங்கே செய்முறைத் தேர்வைத் தாண்டுவது கஷ்டம்.

இங்கிலாந்தில் ஸ்போர்ட் அண்ட் லெஷர் மேனேஜ்மென்ட் என்று இருக்கும் எம்.எஸ்சி.யில் டேப்பைத் தொடவே வேண்டாம். அங்கே பொழுதுபோக்கு ஒரு நிர்வாகத் துறை. நகராட்சி நீச்சல்குளத்துக்கு யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை, கட்டணம் எவ்வளவு, பூங்காவுக்கு யார் செலவழிப்பது என்பதுதான் பாடம். நம் பாடத்திட்டத்தில் ரிக்ரியேஷன் ஏதோ ஒரு தாளின் மூலையில் கிடக்கும். அங்கே அதுவே டிகிரி.

இனி வேலைக்கு வருவோம். பள்ளி பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) பணிக்கு என்சிடிஇ அங்கீகாரம் பெற்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு வேண்டும். எவ்வளவு பெரிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் லெஷர் டிகிரியும் அதற்கு ஈடாகாது. கல்லூரிப் பணிக்கு யுஜிசி-யின் 2018 விதிமுறை: உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியலில் 55 சதவீதத்துடன் முதுகலை, நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, போட்டிகளில் கலந்துகொண்ட சான்று, உடல்தகுதித் தேர்வு. 30 வயது வரை ஆண்களுக்கு 12 நிமிடத்தில் 1800 மீட்டர், பெண்களுக்கு 8 நிமிடத்தில் 1000 மீட்டர். அந்த முதுகலைப் பட்டியலில் விளையாட்டு அறிவியல் இருக்கிறது. ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் இல்லை, லெஷர் இல்லவே இல்லை. பிரிட்டனின் ஒரு வருட மாஸ்டர்ஸை ஏற்கும் ஒப்பந்தம் 2022 ஜூலையில் கையெழுத்தானது உண்மைதான். ஆனால் ஈக்விவலன்ஸ் சான்று ‘இது முதுகலைக்குச் சமம்’ என்று சொல்லுமே தவிர, லெஷரை உடற்கல்வியாக மாற்றித் தராது. வாத்தியார் வேலைதான் குறி என்றால் இங்கே பி.பி.எட். முடித்துவிட்டு, அங்கே ஸ்போர்ட் சயின்ஸ் பக்கம் போவதே பத்திரம்.

அம்பாசமுத்திரம்:

அண்ணாச்சி சொன்னதோட விசா சங்கதியையும் சேத்துக்கிடுங்க. ‘ஒரு வருசம் கோச்சிங் கொடுத்தே செலவைச் சமாளிச்சிருவோம்’னு கணக்குப் போட்டுப் போறவங்கதான் ரொம்ப மாட்டுதாங்க. பிரிட்டன் ஸ்டூடண்ட் விசால தொழில்முறை விளையாட்டு வீரராவோ கோச்சாவோ வேலை பாக்கக் கூடாது. விளையாட்டையே படிக்கப் போனாலும் இதேதான். படிப்பு முடிஞ்சு எடுக்குற கிராஜுவேட் விசாலயும் இந்தத் தடை உண்டு, அதை நிறைய பேரு கவனிக்கதே இல்ல. ‘காசா வாங்கல, கிளப் வீடும் காரும்தான் கொடுத்துச்சு’ன்னு சொன்னாலும் தப்ப முடியாது, அதுவும் சம்பளக் கணக்குல வந்துரும். சனிக்கிழமை கிரிக்கெட்டை அமெச்சூரா, சும்மா சந்தோசத்துக்கு ஆடலாம். கோர்ஸுக்குள்ளயே மார்க்குக்காக இருக்குற பிளேஸ்மெண்ட் வேற கணக்கு, அதைப் பல்கலைக்கழகத்துலயே எழுத்துல கேட்டு வாங்கிக்கிடணும்.

டிகிரி படிக்கவங்க டெர்ம் நேரத்துல வாரம் 20 மணி நேரம் கடையிலயோ, ஓட்டல் கிச்சன்லயோ, ஏன், லெஷர் சென்டர் வரவேற்புலயோ வேலை பாக்கலாம். கோச்சிங் மட்டும் ஆகாது.

பேங்குல காட்டுற பணம் தொடர்ந்து 28 நாள் அப்படியே கிடக்கணும். 27-ஆம் நாள் வீட்டுல யாராவது நகைக்கடன் தவணைக்குன்னு எடுத்து, காட்ட வேண்டிய தொகைக்கு ஒரு ரூவா கொறைஞ்சாலும் திரும்ப ஒண்ணுலருந்து எண்ணணும். காசநோய்ப் பரிசோதனை நம்ம ஆஸ்பத்திரில எடுத்தாச் செல்லாது. அவுக அங்கீகரிச்ச மையத்துலதான் எடுக்கணும், சென்னையில இருக்கு. சான்று ஆறு மாசந்தான் செல்லும். சின்னப் பிள்ளைக இருக்குற எடத்துல பிளேஸ்மெண்ட்னா போலீஸ் சான்று கேப்பாக, அதை ஊர்ல இருக்கும்போதே பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துல வாங்கிருங்க.

வள்ளியூர்:

படிப்பில் தடுக்கும் இடங்களைப் பற்றி. பிரிட்டனில் மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். 10 கிரெடிட்டுக்கு 100 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக மொத்தம் 1800 மணி நேரம். இதில் வகுப்பு கொஞ்சம்தான், மிச்சம் நூலகத்தில் தானாகப் படிக்க வேண்டியது. 50 பாஸ், 70 டிஸ்டிங்ஷன். நம் ஊரில் 85 வாங்கியவர் அங்கே 62 வந்ததும் இடிந்துபோய் உட்காருவார். அது நல்ல மார்க்.

பெரிய தடுமாற்றம் ஆய்வுக் கட்டுரையில். நம் எம்.பி.எட். ஆய்வுக்கு ஓர் அச்சு உண்டு: திருநெல்வேலி மாவட்டக் கல்லூரி வாலிபால் வீரர்கள், இரண்டு பரிசோதனைக் குழு, ஒரு கன்ட்ரோல் குழு, 12 வாரம் சர்க்யூட் பயிற்சி, முன்தேர்வு, பின்தேர்வு, அன்கோவா, ஷெஃபே என்ற புள்ளியியல் சோதனைகள். இதையே லெஷர் துறையில் கொண்டுபோய் வைத்தால் ‘உன் கேள்வி என்ன?’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே பேட்டி எடுத்து, எழுத்தாக்கி, கருப்பொருள் பிரித்து எழுதுவதுதான் அதிகம்.

தலைப்புக்கு நம் சீமையில் பஞ்சமே இல்லை. ஊர்க் கொடையை (கோயில் திருவிழாவை) ஒட்டி நடக்கும் மின்னொளி கபடிக்குப் பரிசுப் பணம் யார் போடுகிறார், மைதானத்துக்கு நிலம் யார் தருகிறார் என்பதே ஒரு கட்டுரைக்குத் தாங்கும். குற்றாலம் இன்னும் நல்ல களம். சீசனில் மெயினருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போலீஸ்காரர் விசில் அடித்ததும் ஒரு கூட்டம் வெளியேறி அடுத்தது உள்ளே போகும். தண்ணீர் கலங்கி வந்தால் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு மாணவன் இறந்த பிறகு, முன்னெச்சரிக்கை யார் பொறுப்பு என்ற கேள்வி கூர்மையாகிவிட்டது. இதைப் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்டோடு (1951) ஒப்பிடலாம். அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது விசில் இல்லை; கார் நிறுத்துமிடமும் நடைபாதையும்தான்.

ஒன்றில் கவனம். எத்திக்ஸ் அனுமதி (ஆய்வு நெறிமுறைக்குப் பல்கலைக்கழகம் தரும் ஒப்புதல்) கைக்கு வருமுன் ஒருவரிடமும் கேள்வித்தாளை நீட்டாதீர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த சூட்டில் 100 பேரிடம் நிரப்பி வாங்கிக்கொண்டு போனால், அனுமதித் தேதிக்கு முந்தியது என்று மொத்தமும் குப்பைக்குப் போகும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் தயார் செய்துகொள்ளுங்கள்.

சேரன்மகாதேவி:

ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை என்கிறார்களே, கொலோன் எப்படி? பேச்சுலரே அங்கே படிக்க முடியுமா?

பாளையங்கோட்டை:

கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 1947-இல் தொடங்கியது, விளையாட்டுக்கென்றே உள்ள பல்கலைக்கழகம். பேச்சுலர் ஜெர்மன் மொழியில். அதற்குமேல் நுழைவாக ஓர் உடல்திறன் தேர்வு. நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், குழு விளையாட்டு, பேட்மின்டன் மாதிரி மட்டை விளையாட்டு எல்லாம் அதில் வரும். கபடியிலோ ஹாக்கியிலோ மாநில அளவில் ஆடியவர் என்பதற்குத் தனிச் சலுகை எதிர்பார்க்காதீர்கள். ஓட்டம் ஆண்களுக்கு 3000 மீட்டர் 13 நிமிடத்தில். அது நம் பசங்களுக்குப் பிரச்சினை இல்லை. மாட்டுவது நீச்சலில்: 100 மீட்டர், ஆண்களுக்கு 1 நிமிடம் 40 விநாடி. குறுக்குத்துறையில் தாமிரபரணியைக் குறுக்கே கடப்பவர்கூட தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார். தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும், தண்ணீர் தடுக்கும், 60 மீட்டரில் தோள் கனத்துவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை உள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழகுங்கள். டைவ் ஸ்டார்ட்டும் சுவரில் திரும்புவதும் ஆற்றில் வராது, குளத்தில்தான் பழக வேண்டும்.

மாஸ்டர்ஸ் சிலது ஆங்கிலத்திலேயே உண்டு. இந்தியச் சான்றிதழ்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் (சான்றிதழ் உண்மைதானா என்று பார்க்கும் ஜெர்மன் மையம்) சரிபார்ப்பு கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஃபீஸ் இல்லை என்றாலும் பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024-இல் உயர்த்திய தொகை). மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். விசாவுக்குப் போகிற மாதம் தூதரகப் பக்கத்தில் தொகையை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.